இரண்டாவது கேமரா

டுலூத்,
4 மார்ச் 1999

அன்பு எமெட்,

லாஸ் ஏஞ்சலிஸ் போனவன் ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? நம் படத்தைப் பெரிய நிறுவனம் வாங்கியதைச் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரவல் கேமராக்கள் இரண்டோடு சதுப்புக்குள் இறங்கிய நம் இருவர் படத்தையா! உணவகத்தில் பரிமாறும்போது கை ஓடவில்லை.

படப்பிடிப்பில் முறிந்த என் கணுக்கால் எலும்பு கூடிவிட்டது. குளிருக்கு மட்டும் வலிக்கிறது. அன்று என்னிடம் வந்துசேர முடியாமல் மூடுபனியில் வழிதவறி நீ என்ன பாடுபட்டாயோ என்று அம்மா இன்னும் வருத்தப்படுகிறாள்.

உன் லெனோரா

லாஸ் ஏஞ்சலிஸ்,
19 ஆகஸ்ட் 1999

அன்பு லெனோரா,

கோபிக்காதே, மூச்சுவிட நேரமில்லை. ஆறாவது வாரமும் அரங்கு நிறைகிறது. காணாமல்போன இருவரின் வீடியோ நாடா கிடைத்தது என்று நாம் கட்டிய கதையைப் பாதிப்பேர் நிஜமென்றே நம்புகிறார்கள். இங்கே பேச்சே மாறிவிட்டது. நட்சத்திரமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், ஆடுகிற கேமராவும் தெரியாத முகமும் போதும் என்கிறார்கள். ஒரு தயாரிப்பாளர் என் தோளில் கைபோட்டு, "அந்தப் பொண்ணு கத்துறாளே, அது மாதிரி ஒண்ணு எனக்கும் எடுத்துக் குடுப்பா" என்றார்.

அடுத்த படம் அக்டோபரில். நீ வந்தே ஆக வேண்டும்.

எமெட்

டுலூத்,
30 ஆகஸ்ட் 1999

எமெட்,

அம்மாவோடு போய்ப் படம் பார்த்தேன். நான் கால் முறிந்து சேற்றில் கிடக்கும் இடத்தில் அரங்கமே உறைந்துபோனது. நானும் உறைந்தேன், வேறு காரணத்தால். என் கேமரா அப்போது தண்ணீருக்குள் கிடந்தது. அந்தக் காட்சி புதருக்குப் பின்னாலிருந்து எடுத்தது. இருபதடி தூரம்கூட இருக்காது.

நிஜமான ஆபத்தென்றால் 'பூசணி' என்று கத்த வேண்டும், உடனே நிறுத்திவிடலாம் என்று பேசிவைத்திருந்தோம். தொண்டை கிழியக் கத்தினேன். படத்தில் அந்தச் சொல்லை வெட்டிவிட்டுக் காற்றுச் சத்தம் போட்டிருக்கிறாய். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "உன் குரலே கேக்கல லெனோ" என்று அழுதாய். நானல்லவா உன்னைத் தேற்றினேன்!

கேட்டதா, இல்லையா? அதை மட்டும் எழுது.

லெனோரா

லாஸ் ஏஞ்சலிஸ்,
12 செப்டம்பர் 1999

லெனோரா,

கேட்டது. முதல் தடவையே ஓடிவரத்தான் எழுந்தேன். அப்புறம் கேமரா வழியே உன் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பயத்தை எந்த நடிகையாலும் நடித்துக் காட்ட முடியாது. ஓடிவந்திருந்தால் இந்தப் படமே இல்லை.

இப்போது இங்கே எல்லோரும் இதையே வழிமுறையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நடிப்பவர்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உனக்கு மனமில்லாவிட்டால் கிரெட்டா ஹால்வர்சன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் தயாராக இருக்கிறாள். பழைய சுரங்கத்தில் அவளைச் சொல்லாமல் தனியே விடுவதாகத் திட்டம். நீ வந்தால் எல்லாவற்றையும் சொல்லியே எடுக்கிறேன். என்னைப் புரிந்துகொள்.

எமெட்

டுலூத்,
27 செப்டம்பர் 1999

எமெட்,

உன் கடிதத்தைப் பிரதியெடுத்து கிரெட்டாவுக்கு அனுப்பினேன். முகவரியை நடிகர் சங்கத்தில் கேட்டு வாங்கினேன். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டாள். "நான் பக்கத்துலயே இருப்பேன், பயப்படாதேன்னு சொன்னாருங்க" என்றாள்.

அதில் பொய் இல்லை என்றேன்.

அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஊருக்குத் திரும்பிவிட்டாள். நீங்கள் வேறொருத்தியைப் பிடிப்பீர்கள். அவள் பெயரையும் கண்டுபிடித்து அவளுக்கும் எழுதுவேன். உனக்கு எழுதுவது இதுவே கடைசி.

லெனோரா