மேசைக்கு அடியில் இருந்த பெட்டி

12.7.1991, வெள்ளி

தூத்துக்குடி லாரி கிளம்பிய பிறகுதான் பார்த்தேன். பேக்கிங் மேசைக்கு அடியில் இருபத்தேழாம் நம்பர் பனியன் பெட்டி அப்படியே இருக்கிறது. என் பெட்டியைக் காணோம்.

அரளிச்செடியில் பிடித்த ஆறு புழுக்களை அதில்தான் வளர்த்தேன். வீட்டில் புழுவைக் கண்டால் என் மனைவி சரோஜா சோறு இறங்காமல் எழுந்துவிடுவாள். ஆறும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிட்டன. இன்னும் பத்து நாளில் பச்சை அந்துப்பூச்சிகள் வெளியே வரும். அதற்குக் கம்பெனிப் பெட்டியையே எடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

லோடு ஏற்றிய பழனிச்சாமியைக் கேட்டேன். “டேப் ஒட்ட மறந்துட்டீங்கன்னு நெனச்சு நானே ஒட்டி ஏத்தி உட்டுட்டனுங்க” என்றான், எனக்கு உபகாரம் செய்தவனாக. பாதிக்கு மண் இருந்ததால் கனத்திலும் சந்தேகம் வரவில்லை. நானும் நம்பரைப் பார்க்காமல், நாற்பது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்நேரம் மேனேஜர் வந்தார். “ஏனுங்க, நாப்பதும் போயிருச்சுங்களா?”

“போயிருச்சுங்க” என்றேன்.

நாளை மதியம் தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னருக்கு சீல் வைப்பார்கள். அதற்குள் அங்கே போன் போட்டால் பெட்டியை இறக்கிவிடலாம். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் பழி பழனிச்சாமி மேல் விழும்.

காலையில் சொல்லிவிடுவேன்.

ஆனால் மேனேஜர் கேட்ட அந்த நொடியில் வேலையும் நினைவில் இல்லை, பழனிச்சாமியும் இல்லை. பெட்டியைத் தலைகீழாக வைத்திருப்பானோ என்று மட்டும்தான் நினைத்தேன்.