பொட்டு வைத்த சக்கரம்

நாள் 23, காலை 7.10

துருவ ஆய்வு நிலையத்தில் இருப்போர் மூவர். என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், வானிலை ஆய்வாளர். பெர்சிஸ், பனிப்பாறை ஆய்வாளர். இடது காலில் புண், காய்ச்சல் 102. உலகம்மாள் ஆகிய நான், சமையலும் சரக்குக் கணக்கும். வெளியே மைனஸ் 38.

சூரியப் புயல் அடித்து இருபத்துமூன்று நாள். கம்ப்யூட்டர் சிப் உள்ள எதுவும் உயிரோடில்லை. கூடத்தில் அலங்காரமாக நிறுத்தியிருந்த நூறு வருஷப் பழைய பனிவண்டிகள் இரண்டும், கையால் சுற்றும் ரேடியோக்களும்தான் மிச்சம். எஞ்சின்கள் ஓடுகின்றன. ரப்பர் பட்டையை இழுக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், வண்டிக்கு இரண்டு, தொட்டால் உதிர்கின்றன. விரிசலோடாவது வடிவம் குலையாமல் இருப்பது ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துப் புதிதாக வார்க்க வேண்டும். பெர்சிஸுக்கு மருந்து 44 கிலோமீட்டரில், கடற்கரைக் குடிலில் இருக்கிறது.

நாள் 24, மாலை 4.30

பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மை வெட்டி அடுப்பில் உருக்கி, மாவுக்கட்டு மாவில் எடுத்த அச்சில் ஊற்றினேன். சக்கரம் 1. ஆறியதும் அளந்தால் நான்கு மில்லிமீட்டர் குறைவு. அல்வா ஆறினால் தட்டை விட்டு விலகுமே, எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டுவிட்டேன். இது வண்டிக்கு ஆகாது.

ஆனாலும் முதலில் செய்தது அம்மனுக்கு. குங்குமம் வைத்து, காந்திமதி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டேன். உங்க அம்மன் வண்டி ஓட்டப் போறாளா என்று அவர் சிரித்தார். இருபத்தாறு வருஷமாகக் கேலிதான். ஒருநாளும் கைகூப்பியதில்லை.

நாள் 26, பகல் 2.00

மாதிரிச் சக்கரத்தின் மேல் மெழுகு பூசிப் பருமனாக்கி, புது அச்சு எடுத்தேன். சக்கரம் 2, 3, 4 அளவு சரி. 2, 3 வண்டியில் மாட்டியாகிவிட்டது. 4 ஸ்பேர், வாசல் பெட்டியில்.

நாள் 27, காலை 8.15

அவர் புறப்பட்டார். ஸ்பேர் எடுத்தாச்சா என்றேன். பையைத் தட்டிக் காட்டினார்.

பகல் 1.40. ரேடியோவில் கூப்பிட்டார், குடில் சேர்ந்தாராம். மருந்து இருக்கிறது. காலையில் திரும்புவார்.

நாள் 28, காலை 10.20

ரேடியோ. அப்படியே எழுதுகிறேன்.

அவர்: "ஏளா, வலது சக்கரத்துல ரெண்டு பல்லு போச்சு. ஸ்பேர மாட்டிக் கிளம்பிட்டேன். நீ பயந்து சாகாத."

நான்: "நாலாம் நம்பர்தான அத்தான்?"

அவர்: "நம்பர யாரு பாத்தா? குங்குமம் வச்சிருந்தியே, அது. சிரிக்காத. இத்தன வருசம் உன்னக் கேலி பண்ணியாச்சு, ஒரு தடவ நம்பித்தான் பாப்பமேன்னு எடுத்துட்டு வந்தேன்."

நான்: "மெதுவா வாங்க."

ஏன் என்று சொல்லவில்லை.

10.35. வாசல் பெட்டியில் 4 இருக்கிறது. படத்தின் முன் குங்குமம் சிந்திய வட்டம் மட்டும் இருக்கிறது. ஆகாது என்று ஒரு கீறல் போட்டிருக்கலாம். பொட்டு வைக்கத் தெரிந்த கைக்கு அது தோன்றவில்லை.

11.50. அவர்: "ஒரு பக்கம் பல்லு ஏறி ஏறிக் குதிச்சுது. பட்டை கிழிஞ்சிட்டு. நம்ம நிலையத்துலேந்து முப்பத்தோராவது கிலோமீட்டர், பாதைக்கு நட்ட கொடி வரிசைலதான் வண்டி நிக்கி. நடந்தா மருந்து கையிலயே உறைஞ்சிரும். தூக்கப் பையில சுத்தி, எஞ்சின அணைக்காம அது சூட்டுல வச்சிருக்கேன். நீ மத்த வண்டிய எடுத்துட்டு வந்து பெர்சிஸுக்குக் கொண்டு போ. நான் குடிலுக்கே திரும்பி நடக்கேன், பதிமூணுதான். ஏளா, சக்கரத்துக்கு ஒண்ணுமில்ல. பட்டைதான் பழசு. அம்மன வையாத."

நான் பொத்தானை அழுத்தினேன். விட்டுவிட்டு, மிச்ச டிரம்மை வெட்டப் போனேன்.

நாள் 29, காலை 9.00

விடிய விடிய சக்கரம் 5 வார்த்தேன். 4, 5 இரண்டாம் வண்டியில். பெர்சிஸ் 104, நினைவில்லை. காற்றழுத்தம் இறங்குகிறது. போகிறேன்.

மாலை 3.30

வண்டியைக் கண்டேன். மருந்து உறையவில்லை. அவர் காலடிகள் ஆறாவது கொடி வரை தெரிந்தன. அதற்கப்பால் பனி மூடியிருந்தது. அவர் டாங்கிலிருந்து பெட்ரோலை மாற்றிக்கொண்டேன். இரண்டு பக்கமும் போய்வர எண்ணெய் இருந்தது. நேரம் இல்லை. கரைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது.

வண்டியை நிலையத்துப் பக்கம் திருப்பினேன். திருப்பியது நான்தான்.

வலது சக்கரத்தில் பொட்டு அழியாமல் இருந்தது.

நாள் 33, காலை 6.40

பனிப்புயல் நின்றது. பனியில் முன்கதவே புதைந்து கிடக்கிறது. வெட்டிக்கொண்டிருக்கிறேன், உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. பெர்சிஸ் கஞ்சி குடித்தாள். அண்ணன் எங்கக்கா என்றாள். குடிலில் என்றேன்.

நான்கு நாளாக மணிக்கொரு தரம் கூப்பிடுகிறேன். அவர் பேசவில்லை. நான் அம்மனுக்கு விளக்கேற்றவில்லை. படத்தைத் திருப்பி வைத்தேன், பிறகு மனசு கேட்காமல்...

காலை 7.00. ரேடியோவில்: இதைக் கேட்கும் எவருக்கும், கரையோரம் வரும் எந்தக் கப்பலுக்கும். எங்களிடமிருந்து கிழக்கே 44 கிலோமீட்டரில் சிவப்புக் குடில் ஒன்று. அதன் புகைபோக்கியில் புகை வருகிறதா? உண்டு, இல்லை, எதுவானாலும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.