மூன்று நாள் வேப்பிலை

எப்போதும் என் பக்கமே பேசிய அத்தைக்கு,

நீங்கள் போய் எட்டு வருடம் ஆகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. உங்கள் மகன் மீஞ்சூரில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டு வேலைக்குப் போகிறார். போன வாரம் உங்கள் மகள் சரோஜாவுக்குக் காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் துணைக்கு நான்தான். இந்தக் கடிதத்துக்கும் அவள்தான் காரணம்.

அறுபத்தெட்டாம் வருடம் சித்திரையில் உங்களுக்குப் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. கம்பவுண்டர் காலையும் மாலையும் சைக்கிளில் வந்து மார்பியா ஊசி போட்டார். வலி அடங்கியது. ஆனால் சோறு வாயில் இருக்கும்போதே கண் சொருகும். குமட்டும். மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன். எல்லாம் நோயின் வேலை என்று நினைத்தேன். மருந்தும் இதையெல்லாம் செய்யுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு மூக்கும் கழுத்தும் அரிக்க ஆரம்பித்தது. சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. தெருவில் இரண்டு வீட்டில் அம்மை. நான் முடிவே கட்டிவிட்டேன். நிலைப்படியில் வேப்பிலை செருகினேன், தாளிப்பதை நிறுத்தினேன். அம்மை கண்ட உடம்பில் ஊசி படக்கூடாதே!

"ஆத்தா வந்துகிறா. தண்ணி ஊத்தினப்புறம் வாங்க" என்று கம்பவுண்டரை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

அன்று மத்தியானம் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "இது ஆத்தா இல்லடி. ஊசி போட்டா அரிக்குது, அப்பால நின்னுபூடுது. நான்தான பாத்துக்கினு கீறேன்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அப்டிலாம் சொல்லாதீங்க அத்தை. ஆத்தா கோச்சிக்குவா."

மறுநாளே அரிப்பு நின்றது. வேப்பிலையின் மகிமை என்றேன். நீங்கள் கத்தியது தெருமுனைவரை கேட்டது. வியர்த்துக் கொட்டி நடுங்கினீர்கள். ஆத்தாவின் உக்கிரம் என்று விசிறினேன். எத்தனை பெரிய முட்டாள் நான்!

நாலாம் நாள் டாக்டரே வந்து பார்த்தார். "ஒரு கொப்புளம்கூட இல்லியேம்மா. இந்த மருந்துக்குச் சில பேருக்கு அரிக்கும். எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் ஊசி போட்டதும் தூங்கினீர்கள். இருபது நாளில் போய்விட்டீர்கள். அந்த இருபது நாளும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

நேற்று சரோஜா சொன்னாள், "அண்ணி, ஊசி போட்டதுலேர்ந்து மூக்கெல்லாம் அரிக்குது."

ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. ஒரே ஒரு மாத்திரை, அத்தை.

வீட்டில் எல்லோரும், "தெரியாம செஞ்சிட்ட, வுடு" என்றுதான் இத்தனை வருடமும் தேற்றினார்கள். நானும் தலையாட்டினேன். நேற்று முதல்முறையாக, நீங்கள் கையைப் பிடித்துச் சொன்னதைச் சரோஜாவிடம் சொன்னேன்.

"அம்மா அப்பவே சொல்லிச்சா?"

"சொன்னாங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு நான் ஆற்றிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, மறுபடியும் சுவர்ப்பக்கமே திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாததாக்கிய மருமகள்,
கன்னியம்மா