ஏழு வாக்குகளில் அந்த ஒன்று என்னுடையது எனச் சான்று கோரி

அனுப்புநர்
வாக்காளர் வரிசை எண் 418, சாவடி எண் 63,
ஆலைக் குடியிருப்பு, ஆறாவது தெரு.
(பெயர், இணைத்துள்ள அடையாள அட்டை நகலில் உள்ளது.)

பெறுநர்
உயர்திரு தேர்தல் அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: 63ஆம் சாவடியில் எதிர்க்கட்சிக்கு விழுந்த ஒரே வாக்கை அளித்தவர் நான்தான் என எழுத்துப்பூர்வமாகச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சாவடியில் 812 வாக்காளர்கள். ஆலையை மூடிய பிறகு இங்கே எந்தக் கட்சியின் மேலும் யாருக்கும் பிடிப்பில்லை. சாக்கடை நீர் வாசலுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "எவன் வந்தா நமக்கென்ன" என்று இம்முறை ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. வாக்களித்தது ஏழு பேர். ஏழு பேரும் ஒரே வீட்டார்: என் கணவர், நான், என் கொழுந்தனார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். என் கணவர் முப்பத்தோரு ஆண்டுகளாக ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். எனவே எங்களுக்குச் சலித்துக்கொள்ளும் உரிமை இல்லை.

2. எண்ணிக்கை முடிந்ததும் தங்கள் அலுவலகம் சாவடிவாரியான முடிவுகளைப் பலகையில் ஒட்டியது. எங்கள் சாவடிக்கு நேரே ஆளுங்கட்சி 6, எதிர்க்கட்சி 1 என்று இருந்தது. மற்ற சாவடிகளுக்கு அது கணக்கு. எங்களுக்கு அது எங்கள் வீட்டுச் சண்டையை ஊருக்குப் படித்துக் காட்டிய தாள்.

3. கட்சி அலுவலகத்தில் என் கணவரைப் பார்த்து, "சொந்த வீட்டுலயே ஒரு ஓட்டு நழுவிப் போச்சு, தெருவுல எங்கேர்ந்து வாங்கப் போறீங்க?" என்று சிரித்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் யாரையும் விசாரிக்கவில்லை. என் இளைய மருமகளின் தந்தை எதிர்க்கட்சிக்காரர். அது போதுமானதாக இருந்தது. அவள் பரிமாறிய தட்டைத் தள்ளி வைத்தார். மூன்று நாள் தள்ளி வைத்தார். நான்காம் நாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீடு போய்விட்டாள். என் மகன் அப்பா முகத்தைப் பார்த்தானே தவிர அவள் பின்னால் போகவில்லை. அவனைப் பெற்றதற்கு அன்று வெட்கப்பட்டேன்.

4. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அந்த வாக்கு என்னுடையது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கணவர் சொன்ன இடத்தில் அழுத்திவிட்டு வந்தவள் நான். எப்போதும் பின்னால் வரிசை நிற்கும், சீக்கிரம் என்பார்கள். இம்முறை சாவடியே காலியாக இருந்தது. முதல் முறையாகப் பெயர்களைக் கடைசிவரை படித்தேன். அதில் எதிர்க்கட்சி வேட்பாளராக ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. வாக்குக் கேட்டு வருகிற எல்லோரும் என்னிடம், "ஐயா இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் மட்டும் என் தையல் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்குப் போடுவீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். வேறு காரணம் எனக்கு இல்லை.

5. இதைக் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "மருமகளைக் காப்பாத்த நீ பொய் சொல்றே. உனக்கு ஏது அந்தத் தைரியம்?" என்றார். பெரிய மருமகள்கூட இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று என்னைப் பார்க்கிறாள். அங்கே சம்பந்தியோ, "எம் பொண்ணு எங்க கட்சிய விட்டுக்கொடுக்கல" என்று பூரித்துப் போயிருக்கிறாராம். உண்மையில் அந்தப் பெண் பிறந்த வீட்டை விட்டுக்கொடுத்து எங்களுக்குப் போட்டாள். தொலைபேசியில், "மாமா சொன்ன இடத்துலதான் போட்டேன் அத்தை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "எனக்குத் தெரியும், கண்ணு" என்று நானும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

6. கடந்த வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்து எழுத்தரிடம் முறையிட்டேன். "யார் யாருக்குப் போட்டாங்கன்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. ரகசியம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். ஐயா, எங்கள் தெரு முழுவதும் பேசுவது பொய். அதைத் தங்கள் பலகை தடுக்கவில்லை. நான் சொல்வது உண்மை. அதை மட்டும் தங்கள் விதி தடுக்கிறது.

7. இனி எங்கள் வீட்டில் யாரும் வாக்களிக்கக் கூடாது என்று என் கணவர் உத்தரவிட்டுவிட்டார். ஆகவே அடுத்த தேர்தலில் எங்கள் சாவடியில் ஒரு வாக்கும் பதிவாகாது. அப்போது ரகசியம் பழுதில்லாமல் காக்கப்படும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. எனவே, மேற்படி வாக்கு 418ஆம் எண் வாக்காளருடையது என ஒரே ஒரு வரி, அலுவலக முத்திரையுடன் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். வாக்கு இயந்திரத்தைத் திறந்து பார்க்க முடியுமானால் பாருங்கள். விதியை மீறி வாக்கை வெளியிட்டதற்கு என் மேல் வழக்குப் போடலாம் என்றாலும் சம்மதம். வழக்குத் தாளைக் காட்டினாலாவது அவர் நம்புவார்.

இவற்றில் எதுவும் இயலாது என்றால், இயலாது என்று மட்டும் தபாலில் எழுதி அனுப்ப வேண்டாம் எனக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பதில் வரும், வந்ததும் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணைப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: முடிவு ஒட்டப்பட்டதிலிருந்து நாற்பத்தெட்டாம் நாள்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வரிசை எண் 418

இணைப்பு: வாக்காளர் அடையாள அட்டை நகல் – 1