பேஸ்மென்டில் மூன்று துப்பாக்கிகள்

1978 செப்டம்பர் 16, சனி

மூன்றாவதும் வந்துவிட்டது. பிரான்சில் செந்த்-எத்தியேன் ஊரில் செய்தது; முதல் உலகப்போருக்கு முந்தையது என்று நினைக்கிறேன். ஆங்கிலேயரின் வேட்டைத் துப்பாக்கி நடுவில் மடியும். இது மடியாது. மேலே உள்ள பிடியைத் தூக்கி இழுத்தால், குழாயின் பின்பக்கம் முழுவதும் மேசை இழுப்பறை போலச் சத்தமில்லாமல் நழுவி வருகிறது. எல்லோரும் செய்வதுபோல் நானும் ஏன் செய்ய வேண்டும் என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். இயந்திரவியல் கற்பித்தே கிழவனானவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எஃகில் ஒரு கவுதாரியைச் செதுக்கியிருக்கிறார்கள். இறகுகளை விரலால் தடவினேன். அதைச் சுடுவதற்குத்தான் இது. அதுவும் தெரிகிறது.

அம்புஜத்திடம், உமாபதி வீட்டில் செஸ் ஆடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கடல்தாண்டி வந்து குடியேறிய இந்த நகரத்தின் கிழக்கே, வெக்ஸ்போர்டில் அவர் வீட்டு பேஸ்மென்டில்தான் மூன்றும் இருக்கின்றன.

"அண்ணை, நீங்கள் கரப்பானுக்கும் வழி விடுற ஆள். உதுகளை வச்சு என்ன செய்யப் போறியள்?" என்றார் உமாபதி.

"பார்த்துக்கிட்டிருப்பேன்."

"பாக்கிறதுக்குத்தானே ரீவி கிடக்குது."

செப்டம்பர் 17

இன்று முழுவதும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டே இருந்தேன். அம்புஜத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 24

இந்த வகையை நான் முதலில் பார்த்தது காரைக்காலில், மாமனார் வீட்டு மாடியில். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். மாமனார் இழுத்துக் காட்டினார். புதுமாப்பிள்ளையான நான் மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு அவர் அதைத் துடைக்கும்போது வெடித்து, அம்புஜத்தின் தம்பி பாலகிருஷ்ணன் செத்துப்போனான். பதினாறு வயது. உள்ளே தோட்டா இருந்தது அவருக்குத் தெரியவில்லை. அம்புஜம் திருச்சியில் நிறைமாதமாக இருந்தாள். முகம் பார்க்கக்கூட அவளை அனுப்பவில்லை.

உலகத்தில் எத்தனையோ துப்பாக்கிகள். நான் அந்த வகையையே தேடித் தேடி வாங்கியிருக்கிறேன் — தெரிந்தேதான். ஏன்?

அக்டோபர் 10, செவ்வாய்

எப்படி எழுதுவது.

ஆயுத பூஜைக்கு வரும்படி உமாபதியின் மனைவி வனஜா அழைத்திருந்தார். அம்புஜம் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டாள். அவர்கள் ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் தையல் மெஷின், உமாபதியின் ஸ்பேனர்கள், கார்ச் சாவி. நடுவில் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் மூன்று துப்பாக்கிகளும். சந்தனம், குங்குமம். ஆளுக்கொரு செவ்வந்திப் பூ.

நான் உமாபதியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இது ரகசியம் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லும்படி நானும் கேட்டதில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

"இது அண்ணையின்ர சாமான், அக்கா. கீழ சும்மா கிடந்தது" என்று வனஜா சிரித்தார். "ஆயுத பூசையெண்டு சொல்லிப்போட்டு ஸ்பேனரை மட்டும் வைக்கலாமோ?"

அம்புஜம் குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"அழகா அலங்காரம் பண்ணியிருக்கம்மா" என்றாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸில் சுண்டல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அக்டோபர் 11

வேளைக்குக் காபி மட்டும் வந்தது.

அக்டோபர் 15

உமாபதி போன் செய்தார். "அண்ணை, அக்காவுக்கு ஒளிச்சு வச்ச சாமான் எண்டு தெரிஞ்சதில இருந்து வனஜா அழுதுகொண்டிருக்கிறா. எனக்கு ரெண்டு நாளாக் கடையில வாங்கின பாணும் சம்பலும்தான்."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வனஜாவிடமும் கேட்டேன். மற்ற எல்லோரிடமும் கேட்டுவிட முடிகிறது — இந்த வீட்டுக்குள் இருப்பவளிடம்தான் வாய் வரவில்லை.

அக்டோபர் 22

அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல் அவளே கேட்டாள்.

"அப்பாவோடதும் அப்படித்தானே, பின்னால இழுக்கிறது?"

"ஆமாம்."

"தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"ஆமாம்."

"உங்களுக்கு அது அழகா இருக்கா?"

இல்லை என்றிருக்கலாம். இன்னும் ஒரு பொய்க்கு என்ன கேடு? ஆனால் "இருக்கு" என்றேன்.

களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "பாலுவும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருப்பான்" என்றாள்.

நவம்பர் 4, சனி

புதிய சட்டம் வரப்போவதால், இந்த மாதம் துப்பாக்கி ஒப்படைப்பவர்களைக் காவல் நிலையத்தில் எதுவும் கேட்பதில்லை. அம்புஜம் கொடுக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் உமாபதியின் காரில் மூன்றையும் எடுத்துப் போனேன்.

அங்கிருந்த அதிகாரிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. உடைக்கப் பார்ப்பவர்போல் மடித்துப் பார்த்தார். நான் வாங்கி, பிடியைத் தூக்கி இழுத்துக் காட்டினேன். இன்னும் இருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏன் இப்படி அமைத்தார்கள் என்று விளக்கினேன். வகுப்பில் நிற்பதுபோல் குரல் உயர்ந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன்.

எங்கே போகிறேன் என்று அம்புஜத்திடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும், "எதையும் தொடாதீங்க" என்றாள். குளியலறையில் வாளி நிறைய வெந்நீரும் துண்டும் இருந்தன. மயானத்திலிருந்து வந்தவன்போல, உடுத்திய துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

நான் வெளியே வந்ததும் அவள் உள்ளே போனாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பசிக்குது" என்றாள். "உங்களுக்கும் சேர்த்துப் போடட்டுமா?"