ரொட்ரிகோவின் தங்கப்பல்

கீழவைப்பார்,
9-1-1974

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கான்வென்ட் தையல் டீச்சர் மரியசெல்வி எழுதுவது. உங்கள் வாரப் பத்திரிகை செழித்து வளர வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தச் சண்டையைத் தொடங்குகிறேன்.

‘சங்குப் பாறை ரகசியம்’ சித்திரக்கதை, ஒன்பதாம் வாரம், கடைசிக் கட்டம். ரொட்ரிகோ படகில் நிற்கிறான். வாயில் கத்தி. பல்லெல்லாம் தெரிகிறது, அதில் ஒன்று தங்கப்பல். கடலுக்குள் அவன் மச்சான் முத்துக் குளிக்கிறான். ரொட்ரிகோவின் விரித்த கையிலிருந்து கயிறு நழுவுகிறது. அடியில், ‘துரோகி கயிற்றை விட்டான்!’ என்று போட்டிருக்கிறீர்கள்.

என் தம்பி ரோச்சுக்கும் தங்கப்பல் உண்டு. கல்யாணத்துக்குக் கட்டியது. என் வீட்டுக்காரர் பாஸ்கல் இன்னும் பழைய முறையில் கல் கட்டித்தான் சங்கு குளிக்க இறங்குவார். மேலே கயிறு பிடிப்பவன் ரோச். இப்போது சலூனில் இளவட்டங்கள் அவனைக் கண்டால், “ஏலே, கயிறுவிட்டான் வாரான்!” என்கிறார்கள். அவன் சிரிப்பதையே விட்டுவிட்டான். போன வாரம், “இனி அத்தான் கயித்தத் தொட மாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டான். வேறு கையை நம்பி இவர் இறங்க மாட்டார். படகு கரையில் கிடக்கிறது.

எங்கள் கரையில் ஏன் பெஞ்சாதியின் கூடப்பிறந்தவனிடம் கயிற்றைக் கொடுக்கிறார்கள் தெரியுமா? அவன் கை தவறினால் தாலி அறுப்பது அவன் அக்காள். எந்த மச்சானும் விட மாட்டான். கதையைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பா. மரியசெல்வி


சென்னை,
14-1-1974

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் சண்டையை ரசித்தேன். ஆனால் சித்திரக்கதைக்கென்று சில சங்கதிகள் உண்டு. கட்டம் உள்ளங்கையளவு. வில்லனைப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், அதற்குத்தான் தங்கப்பல். சிரிப்பும் வேண்டும், அதனால் படகுக் கூலி வழுக்கி விழுகிறான். இதில் யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை.

அச்சானதை அழிக்க முடியாதம்மா. எங்கள் ஓவியருக்கு அம்மை போட்டிருப்பதால் இரண்டு வாரம் தொடர் வராது. வேண்டுமானால் பத்தாம் வாரத்தை நீங்களே சொல்லுங்களேன், பார்ப்போம்!

அன்புடன்,
சங்கரபாண்டியன், ஆசிரியர்


கீழவைப்பார்,
18-1-1974

சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கு,

பெயரைப் பார்த்ததுமே நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. நம்ம ஆளாக இருந்துகொண்டா இப்படி? உங்கள் கதாநாயகன் துப்பறியும் தயாளன் பேச்சுப் பலூனுக்குள் பாடப்புத்தகம் போலப் பேசுகிறார். ‘வாரான், சொல்லுதான்’ எல்லாம் திருடனுக்கும் கோமாளிக்கும்தானா? நாங்கள் வாயைத் திறந்தாலே கள்ளக்கடத்தல் என்று படிக்கிறவன் நினைக்க மாட்டானா? வழுக்குவதும் அப்படித்தான். வெறுங்காலோடு படகிலேயே வளர்ந்த கூலி வாராவாரம் விழுகிறான். பூட்ஸ் போட்டு ஈரப் பலகையில் நிற்கும் தயாளன் விழுவதே இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

அச்சானதை அழிக்க வேண்டாம். படம் சரியாகத்தான் இருக்கிறது. அடியில் எழுதியதுதான் பொய். கத்தியைக் கடித்தால் பல் தெரியாமல் என்ன செய்யும்? கீழே கயிறு பாறையில் மாட்டி மச்சானின் காலைச் சுற்றிவிட்டது. இழுத்தால் இறுகும். அதனால் ரொட்ரிகோ தளரவிடுகிறான். அறுத்து மீட்கக் கத்தியோடு தானே குதிக்கப் போகிறான்.

பூவேலைக்குப் படியெடுக்கும் கார்பன் தாளில் பத்தாம் வாரத்தை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ரொட்ரிகோ மச்சானைத் தூக்கிக்கொண்டு வருகிறான். கைது செய்யத் துப்பாக்கியை நீட்டும் தயாளன் வழுக்கிக் கடலில் விழுகிறார். அவரையும் ரொட்ரிகோதான் தூக்கிப் போடுகிறான். “நீச்சல் தெரியாமலா வே துப்பறிய வந்தீரு?”

தங்கை,
மரியசெல்வி


சென்னை,
12-2-1974

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கார்பன் படத்தைப் பார்த்ததும் ஓவியர் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்தாம் வாரம் ஒரு வரி மாறாமல் வந்துவிட்டது. வாசகர் கடிதங்களைக் கட்டி வைக்கக் கயிறு போதவில்லை. தயாளன் விழுந்ததற்கு அச்சுக்கூடமே சிரித்தது. அடுத்த தொடருக்கு ரொட்ரிகோதான் கதாநாயகன். கதை நீங்கள் எழுத வேண்டும். உங்கள் பெயர் முதல் பக்கத்தில் வரும். முதலாளியும் சம்மதித்துவிட்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் சங்கரன்கோவில்காரன். சென்னைக்கு வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றோடு அதை விட்டேன். பிறகு அதே பேச்சைக் கோமாளி வாயில் போட்டு நானே சிரிப்பு வாங்கினேன். வெட்கமாக இருக்கிறது.

ரோச்சு கயித்தத் தொட்டானா? சட்டுன்னு எழுதிப் போடு, தாயி.

அண்ணாச்சி,
சங்கரபாண்டியன்


கீழவைப்பார்,
18-2-1974

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தொட்டான்!

புத்தகம் வந்த அன்று சலூன் பக்கம் போகாமல் சுற்றிப் போனவனை அந்த இளவட்டங்களே ஓடிப் போய் இழுத்து வந்தார்கள். “ஏலே, ரொட்ரிகோ அண்ணன் வாரான், எந்திரிங்கலே!” என்று நாற்காலி போட்டார்கள். ஒன்பதாம் வாரத்துப் புத்தகத்தையும் பத்தாம் வாரத்துப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தானாம். நேரே என் வீட்டுக்கு வந்து, “அத்தான், கல்லக் கட்டும்” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவரோ ஒன்றுமே நடக்காதது போல, “வலையை எங்கன வச்ச, ஏளா?” என்கிறார்.

நானும் படகேறிப் போனேன். இவர் இறங்கினார். ரோச் கண்ணைக்கூட இமைக்கவில்லை. வலை நிறையச் சங்கோடு இவர் தலை மேலே வந்ததும் ரோச் சிரித்தான் பாருங்கள், வெயிலில் தங்கப்பல் மின்னியது. இரண்டு கையிலும் கயிறு.

கதை எழுத எனக்குச் சம்மதம். இனி தயாளனும் நம்ம பேச்சைக் கற்றுக்கொள்ளட்டும், விழுந்து எழுந்தாவது.

படகில் பார்த்ததை முதல் கட்டமாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். அடியில் ஒன்றும் எழுத வேண்டாம், அண்ணாச்சி.

கதை:
கீழவைப்பார் மரியசெல்வி