மூணு தடவ சொன்ன ஆங்

திருத்தணி
3-10-2024

ஆங், வுட்டுட்டேன் அக்கா. "அவன் அந்த வீடியோ ஆப்ப நெஜமாவே அழிச்சானா, இல்ல ஒரு வாரத்து கதையா"ன்னு அம்மாகிட்ட கேட்டியாமே. அதுக்குத்தான் இந்த லெட்டரு. என் நம்பர நீ பிளாக் பண்ணி வச்சிக்கீற, வேற வழி இல்ல. ஓசூர் ஹாஸ்டல் அட்ரெஸ் அம்மா குடுத்துச்சி. ஸ்தோத்திரம் சொல்ல மறந்துட்டேன். ஸ்தோத்திரம்.

நாப்பத்தியோராயிரம் பேரு என் வீடியோவ பாத்துகினு இருந்தாங்க. அழிச்சி இன்னியோட நாப்பத்திரெண்டு நாளு. மொதல்ல அதுக்கு பதிலா வேற ஒரு ஆப்பு போட்டேன். ரெண்டு நாள்ல அதுவும் அதே மாதிரி ஆயிடுச்சி. டச் போன பீரோல வச்சி பூட்டச் சொல்லி நைனாகிட்ட குடுத்துட்டேன். இப்ப கைல பட்டன் போன்தான்.

வெரலு மட்டும் நிக்கல. பஸ் சீட்டு, தட்டுல கீற தோசை, எத தொட்டாலும் கட்டவெரலு மேல தள்ளுது. போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாட்டு பொஸ்தகத்த தள்ளிகினு இருந்தேன், அம்மா தொடைல கிள்ளிச்சி.

தணிகாசலம் வீட்டாண்ட கேரம் ஆடப் போனேன். அவனுங்க ஒரு கைல காயி அடிக்கிறானுங்க, ஒரு கைல போனு. சாயங்காலத்துல மலை படிக்கட்டு ஏறிப் பாத்தேன். "சர்ச்சு படி நாலு, அதுக்கு உனக்கு கால் வலிக்குது. முருகன் படி முந்நூத்தி அறுவத்தஞ்சும் ஏறுவியா"ன்னு அம்மா கேக்குது. அங்கயும் படிக்கு ஒருத்தன் நின்னு செல்ஃபி எடுத்துகினு கீறான். எறங்கி வந்துட்டேன்.

காலேஜுக்கு திரும்பப் போன்னு மட்டும் சொல்லாத.

நேசா


ஓசூர்
14-10-2024

அன்புள்ள தம்பி நேசகுமாருக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இந்த ஹாஸ்டலில் யாருக்கும் கடிதம் வருவதில்லை. வார்டன் ஏதோ நோட்டீஸ் என்று நினைத்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

முதல் வார்த்தையாகவே அதை எழுதியிருக்கிறாய். வேண்டுமென்று எழுதவில்லை, தெரியும். நம் ஊரில் யார் எதைக் கேட்டாலும், ஆமாம் என்பதற்கு வாயில் அதுதான் வரும். நிச்சயத்தன்று பாஸ்டர் "சம்மதமா" என்று கேட்டபோது எனக்கும் அதுதான் வந்தது. பாஸ்டரும் தெற்கத்திக்காரர், மாப்பிள்ளை வீட்டாரும் தூத்துக்குடி. நான் "என்ன?" என்று திருப்பிக் கேட்பதாக நினைத்துவிட்டார்கள். அவர் மூன்று தடவை கேட்டார், நான் மூன்று தடவை சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார் நேசா, நல்ல சிரிப்பு. நீ அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதோடு முடிந்திருக்கும். நீ மூன்றையும் வெட்டி ஒட்டி, மேளம் சேர்த்து வீடியோவாகப் போட்டாய். பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். என் பல்லைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் கீழே எழுதியிருந்ததை எல்லாம் அவருடைய அம்மா உட்கார்ந்து படித்திருக்கிறார். பத்தாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே கம்பெனிக்கு வந்த முதல் வாரமே ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். என் பெயர் யாருக்கும் தெரியாது, "ஆங் அக்கா" என்றால் தெரியும். இப்போது நான் "ஆமாம்" என்று சொல்லப் பழகிவிட்டேன். நீ ஆப்பை விட்டாய், நான் ஒரு வார்த்தையை விட்டேன். அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அது என் வாயில் இன்னும் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறது.

இனி எனக்கு எழுதினால் அந்த வார்த்தை வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
ப்ளெஸ்ஸி


திருத்தணி
24-11-2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். இந்த தடவ மறக்கல.

அந்த வார்த்தைய எங்கயும் போடல. ரெண்டு எடத்துல தானா வந்துச்சி, அடிச்சிட்டேன். கறுப்பா கீறது அதான்.

வேலைக்கி போறேன். தேசப்பன் பஞ்சர் கடை. டியூப்புல காத்தடிச்சி தொட்டித் தண்ணில முக்கி, எங்க குமிழி வருதுன்னு பாக்கணும். மெதுவா சுத்தினாத்தான் தெரியும், வேகமா தள்ளினா போயிடும். அந்த நேரம் மட்டும் கட்டவெரலு சும்மா கீது. பாக்கி நேரம்லாம் ஒரே அசதி. அத வுட்டுட்டு இத பண்ணு, இத பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. எதுவும் அது மாதிரி இல்ல. அத ஒருத்தனும் சொல்றதில்ல.

தேசப்பன் நாள் பூரா வீடியோ பாப்பாரு, சவுண்டு வச்சி. போன செவ்வாக்கெழம என் கை தண்ணில கீது, முதுகுக்கு பின்னால உன் கொரலு. மூணு தடவ. நான் போட்ட மேளம். நான் அழிச்சிட்டேன், ஆனா எவனெவனோ எடுத்து வச்சிகினு போட்டுகினே கீறான். தேசப்பன் வயித்த புடிச்சிகினு சிரிச்சாரு. இங்க வா, இந்த பொண்ண பாருன்னு கூப்ட்டாரு.

"அது எங்க அக்கா. போட்டது நானு"ன்னேன்.

அவரு சவுண்ட கொறச்சாரு. அப்பறம், "அது இன்னாடா தப்பா சொல்லிச்சி? நானா இருந்தாலும் அதான் சொல்லிருப்பேன்"னாரு.

அக்கா, நான் அத அன்னிக்கிதான் ஒழுங்கா கேட்டேன். வெட்டும்போது மேளத்துக்கு சரியா வுழுதான்னு மட்டும்தான் பாத்துகினு இருந்தேன். மூணாவது தடவ உன் கொரலு ஒடையுது.

மன்னிச்சிடுன்னு எழுதி எழுதி கிழிச்சி போட்டுட்டேன், படிக்க வீடியோவுக்கு கீழ எழுதற மாதிரியே கீது. ரெண்டே ரெண்டு கேக்கறேன். இன்னும் என் மேல கோவமா கீறியா? கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வருவியா? பெருசா எழுத வேணாம். நம்ம அட்ரெஸ் எழுதி ஒரு கார்டு உள்ள வச்சிக்கீறேன்.

நேசா


ஓசூர்
9-12-2024

ஆங்.

ப்ளெஸ்ஸி


திருத்தணி
13-12-2024

அக்கா,

கார்டு வந்துச்சி. நைனாதான் வாங்கினாரு. முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு, வேற ஒண்ணும் எழுதலியான்னாரு. இன்னும் நாலு எழுத்து எழுதினா கை ஒடிஞ்சிடுமான்னு அம்மா கேட்டுச்சி. அதுங்களுக்கு புரியல.

நெஜத்த சொல்லிடறேன். அத பாத்ததும் மொதல்ல இன்னா தோணிச்சி தெரியுமா? போட்டோ புடிச்சி போடணும்னு. பீரோ சாவி வரிக்கும் கை போயிடுச்சி. நூத்திப் பதிமூணு நாளு ஆச்சி, இன்னும் அப்டித்தான் கீறேன். நல்லா ஆயிட்டேன்னு நெனச்சிகினு வராத.

ரெண்டு கேள்வி கேட்டேன், நீ ஒண்ணுதான் எழுதிக்கீற. எதுக்குன்னு நேத்து பூரா டியூப்ப முக்கிகினே யோசிச்சேன். ரெண்டுத்துக்கும்தான்.

பரவால்ல. கோவமாவே வா.

எந்த பஸ்ஸுன்னு அம்மாகிட்ட சொல்லு. ஸ்டாண்டுல நிக்கறேன், கைல ஒண்ணும் இருக்காது. அப்பறம் இன்னொண்ணு, அந்த மாப்பிள்ள சிரிச்சத பத்தி எழு

லாரி வந்து நின்னுடுச்சி, தேசப்பன் கத்திகினு கீறாரு. நான் போவணும்.